சீரான எடை என்ற குற்றம்

மலையேறும் வழியில், அரவேணு என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் இருமி இருமி நின்றது. வண்டி சூடாகிவிட்டது என்றார் டிரைவர் ராஜு. நான் நம்பவில்லை. என்னைத் தாமதப்படுத்தச் சொல்லி எஸ்டேட்டிலிருந்து அவருக்கு உத்தரவு வந்திருக்கும் என்று நினைத்தேன். கொழும்பில் விமானம் ஏறியதிலிருந்தே நான் அப்படித்தான் இருந்தேன்.

“ஏனுங்க மேடம், ரேடியேட்டர் காஞ்சு போச்சுங்க. தண்ணி ஊத்தி ஆற வெச்சாக் கெளம்பிரும். அதுக்குள்ள அந்தக் கடையில ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க.”

கடைக்காரரும் ராஜுவும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். டீயோடு வர்க்கி என்று ஒரு பண்டம் தந்தார்கள். அடுக்கடுக்காகச் சுட்டெடுத்த காய்ந்த ரொட்டித் துண்டு. தொட்டால் உதிர்கிறது, டீயில் நனைத்தால் வாயில் கரைகிறது. டீ மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பிளேன்டீ என்று பால் இல்லாமல் குடிப்போம், கோப்பையின் அடி தெரியும். அடி தெரியாத எதையும் நான் சட்டென்று குடிப்பதில்லை.

சாலையின் இரு புறமும் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. வாரா வாரம் கொழுந்து பறித்தால்தான் அது இடுப்பளவில் நிற்கும். பறிக்காமல் விட்டால் மரமாகிவிடும். பச்சைத் தேயிலையின் விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த வருடங்கள் அவை.

“எங்க ஊட்டுத் தோட்டமும் இப்படித்தானுங்க கெடக்குது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுபடியாகல. அதான் ஸ்டியரிங் புடிச்சுட்டேன்” என்றார் ராஜு. சொந்தத் தோட்டத்தைப் பற்றி அவர் பொய் சொல்லக் காரணமில்லை. இருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்தேன்.

என் தொழிலே சந்தேகப்படுவதுதான். பல்கலைக்கழகத்தில் மென்பொருள் அறவியல் சொல்லிக்கொடுக்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று சொல்லும் பாடம். ஆரம்பத்தில் எட்டுப் பேர்தான் வந்தார்கள். “கம்ப்யூட்டருக்கு என்ன மிஸ் ஒழுக்கம்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு ஒழுக்க டீச்சர் என்று பட்டப்பெயர். அதோடு சக ஆசிரியர்களும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

இந்தப் பாடத்துக்கு நான் புத்தகம் படித்து வரவில்லை. இளவயதில் ஒரு அலுவலகத்தில் புரோகிராம் எழுதினேன். பள்ளி விண்ணப்பங்களைப் பிரிக்கிற வேலை. வீட்டு இலக்கம் இல்லாத முகவரிகளைத் தள்ளிவிடும்படி எழுதியிருந்தேன், சுத்தமான வேலை என்று பாராட்டு வேறு. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எந்த வீட்டுக்கும் இலக்கம் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தள்ளுபடியானார்கள். கண்டுபிடிப்பதற்குள் ஒரு பள்ளித் தவணை முடிந்துவிட்டது. நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில், லயத்துக்கு எதிர் வீட்டில் வளர்ந்தவள். அதற்குப் பிறகு ஒரு வருடம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கப் போனேன்.

இருபது வருடமாக நான் மேடைக்கு மேடை சொல்லிவருவது ஒரே வாக்கியம்தான்: காரணம் சொல்ல முடியாத முடிவை எந்தப் புரோகிராமும் எடுக்கக் கூடாது. கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் அதைச் சொன்னேன். பின் வரிசையில் இருந்த எஸ்டேட் மேனேஜர் கேட்டுவிட்டார். அவருடைய எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் ஒரு பெண்ணைக் குற்றவாளி என்கிறது. தொழிற்சங்கம் இல்லை என்கிறது. உள்ளூர் ஆளை வைத்தால் எதிராளி விலைக்கு வாங்கிவிடுவான் என்று இரண்டு பக்கமும் பயப்பட்டது. கடல் தாண்டி வந்த ஒருத்தி என்ன சொன்னாலும் கட்டுப்படுவதாக இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறார்களே என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

இரண்டாம் நாள் காலையில் எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், மின்சாரம் போகும்போதெல்லாம் கீச்சிடும் ஒரு பெட்டி. பெண்கள் பறித்து வரும் கொழுந்தைக் கொட்டகையில் எலக்ட்ரானிக் தராசில் நிறுக்கிறார்கள். எடை தானாகக் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. அன்றைக்குக் குறித்த அளவை எட்டினால் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை. குறைந்தால் அரைப் பேர். விலை விழுந்த பிறகு ஆள் குறைக்க வேண்டும் என்று வந்தபோது, யார் எடையில் தில்லுமுல்லு செய்கிறார் என்று புரோகிராமையே கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். சந்தேகம் வந்தால் அது பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும். மூன்று நட்சத்திரம் விழுந்தால் பதிவேட்டிலிருந்து பேர் நீங்கும். பேர் நீங்கினால் லயத்து வீடும் போகும்.

செல்வராணி என்ற பெண்ணுக்கு மூன்றாவதும் விழுந்துவிட்டது. என் அறிக்கை வரும்வரை அவள் பேர் அந்தரத்தில் தொங்கியது.

ஒவ்வொருவரும் தினம் பறித்த எடையைக் காட்டும் கோடுகளைத் திரையில் பார்த்தேன். எல்லோருடைய கோடும் ஏறி இறங்கியது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் பிள்ளைக்குச் சுகமில்லை, ஒரு நாள் உற்சாகம். செல்வராணியின் கோடு மட்டும், குறித்த அளவுக்கு ஒரு நூல் மேலே, மாதக்கணக்காக நேராகப் போனது. அளவு கூடினால் அவளும் கூடினாள், குறைந்தால் குறைந்தாள். உயிருள்ள மனுஷி அப்படிப் பறிக்க முடியாது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் புரோகிராமை எழுதியவன்மேல் எனக்கு மரியாதை வந்தது. என்னைப்போலவே ஒரு சந்தேகப் பிராணி.

முதலில் எடை போடும் கிளார்க்கைத்தான் சந்தேகித்தேன். அவருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

“இல்லீங்க மேடம், எடை தானா ஏறுதுங்க. நான் கைய வெக்கவே முடியாதுங்க. சாமி சத்தியமா.”

சாமி சத்தியத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. தராசில் நானே ஏறி நின்றேன். அது சரியாகக் காட்டியது. சரியாகக் காட்டியதே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

மத்தியானம் பங்களாவில் சாப்பாடு. மேனேஜர் நல்ல படிப்பாளி, என் கட்டுரை ஒன்றைக் கோடு போட்டுப் படித்து வைத்திருந்தார். பொரித்த கோழி, கேரட் பொரியல், பழப் புட்டிங். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கோ அறிக்கை எழுதும்வரை யாரையும் நினைக்கக் கூடாது. அதனால் கோழியை ஒதுக்கிவிட்டுப் புட்டிங்கை மட்டும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அதில் உப்பில்லை.

மூன்றாம் நாள் மலைக்குப் போனேன். இந்தப் பெண்களில் பலர் சிறுமிகளாக இருந்தபோது இலங்கையிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டவர்கள். தோட்டப் பகுதியை இன்னும் மலை என்றுதான் சொல்கிறார்கள், மேஸ்திரியைக் கங்காணி என்கிறார்கள். இடுப்பில் சாக்குக் கட்டி, தலையில் பையின் கயிற்றை மாட்டி, பதினாலு பேர் வரிசையாக நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

பத்து மணிக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பிரித்தார்கள். எங்கள் ஊர் ரொட்டி, தட்டையாக, ஓரம் கருகி. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். கொடுத்தவர் மருதாயி, எல்லோரிலும் மூத்தவர்.

“நீங்களும் சிலோனாமே. எந்தத் தோட்டம்?” என்று கேட்டார்.

சொன்னேன். அப்பா அங்கே என்ன வேலை என்று கேட்டார். கணக்கப்பிள்ளை என்றேன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் பேர் போடுகிறவர், பேரை அரையாக்குகிறவர். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரொட்டி மட்டும் என் கையில் இருந்தது. சந்தேகப்படுகிற வேலை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன், அது அவர்களுக்கும் நன்றாகவே வந்தது.

செல்வராணி தனியே உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மேட்டில் நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினாள். இவளா அத்தனை பேரோடும் சமமாகப் பறிக்கிறாள்? அளவு எட்டவே வழியில்லை. புரோகிராம் சொன்னது சரிதான், எங்கோ கள்ளம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் எல்லோரும் எடைக் கொட்டகைக்கு இறங்கினார்கள். நான் வளைவில் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒளிந்துகொண்டேன் என்று சொல்வதுதான் நேர்மை. ஐம்பதை நெருங்கும் பேராசிரியை மரத்துக்குப் பின்னால் நிற்பதை என் மாணவர்கள் பார்த்திருந்தால் பட்டப்பெயர் மாறியிருக்கும்.

செல்வராணி அந்த வளைவில் பையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள். ஒருத்தி கடந்து போனாள். போகிற போக்கில் தன் பையிலிருந்து ஒரு பிடி எடுத்துச் செல்வராணியின் பையில் போட்டாள். நிற்கவில்லை, முகம் பார்க்கவில்லை. அடுத்தவளும் ஒரு பிடி. அடுத்தவளும். கடைசியில் மருதாயி வந்தார். செல்வராணியின் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அரைப் பிடி போட்டார். மறுபடி தூக்கினார்.

“போதும், எந்திரி” என்றார்.

நான் மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது. அத்தனை பேரும் திரும்பினார்கள். செல்வராணி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அளவுக்குச் சரியா எப்படி நிறுத்துறீங்க?” என்று மருதாயியிடம் கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? படித்த புத்தி.

“கைக்குத் தெரியாதாக்கும். அவளுக்கு நெஞ்சில கோளாறு. பேரு விழணும், அவ்வளவுதான். கூடப் போட்டா, அளவுக்கு மேல வர்ற மேல்கிலோவுக்கு அவ காசு வாங்குவா, அது தோட்டத்துக் களவு. கொறையப் போட்டா அரைப் பேரு. அதான் போதும்ங்குற எடத்துல நிப்பாட்டிருவோம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் உண்மையிலேயே களவு செய்திருந்தால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், அந்தக் கோடும் மற்றவர்களுடையதைப்போல ஏறி இறங்கியிருக்கும். கம்ப்யூட்டரும் பேசாமல் இருந்திருக்கும். அளவுக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துப் போட்டதால் மாட்டிக்கொண்டார்கள்.

“இதை அப்படியே எழுதிடுறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்” என்றேன்.

ஒருத்தியும் முகம் மலரவில்லை. செல்வராணிதான் பேசினாள். “எழுதுனா எல்லாத்துக்கும் சீட்டுக் கிழியும். கொழுந்து கைமாத்துனா வேலை நீக்கம்னு கொட்டகையில போர்டே இருக்கு. வெல விழுந்ததுல ஆளக் கொறைக்க தொரைக்கு ஒரு சாக்கு வேணும். நீங்க பதினாலு பேர எடுத்துக் குடுக்கப் போறீங்க.”

“எழுதாட்டி உங்க பேர் போகுமே?”

“அங்க ஒருக்கா பேர வெட்டித்தான் கப்பல்ல ஏத்துனாங்க. இங்கயும் வெட்டுனா எங்க போறது, கடலுக்குள்ளயா?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “இருந்தாலும் எழுதாதீங்க. என் ஒருத்தியோட போகட்டும்.”

அன்றைக்கு என் அறையில் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்தேன். காரணம் சொன்னால் பதினாலு குடும்பம். சொல்லாவிட்டால் என் இருபது வருடப் படிப்பு. மேடை மேடையாகச் சொன்ன வாக்கியம் என்னையே முறைத்தது. நானும் பதிலுக்கு முறைத்துவிட்டு எழுதினேன்: எடை சீராக இருப்பது ஏமாற்றுக்குச் சான்று அல்ல. இந்த விதியையும் அது போட்ட மூன்று நட்சத்திரங்களையும் நீக்க வேண்டும். மலையில் நேரில் கண்ட ஒரு காரணத்தால் இதைச் சொல்கிறேன், அந்தக் காரணத்தை வெளியிடப் போவதில்லை.

நாலாம் நாள் மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார்.

“டாக்டர், காரணம் சொல்லாத முடிவு முடிவே இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

“ஆமாம்.”

“அப்போ மறைக்கிறீங்க.”

“மறைக்கிறேன்னு எழுதியே கொடுத்திருக்கிறேன்.”

“இதை வெச்சு நான் ஹெட் ஆபீசுக்கு என்ன பதில் சொல்றது?”

“நான் சொல்றதுக்குக் கட்டுப்படுறதா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. காரணத்துக்குக் கட்டுப்படுறதா போடல.”

அவர் சிரித்தார். நல்ல மனிதர் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. விதியை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். செல்வராணியின் பேரும் தப்பியது. நான் எழுந்தபோது, பேச்சுவாக்கில் சொல்வதுபோலச் சொன்னார்:

“நாளையிலேருந்து மலையிலேயே ஒரு தராசு வைக்கலாம்னு இருக்கேன். பறிச்ச செடி நிரையோட முடிவுலயே நிறுத்துடலாம். பாவம், பொண்ணுங்க கொட்டகை வரைக்கும் சுமக்க வேண்டாம் பாருங்க.”

மலையில் நேரில் கண்ட காரணம் என்று எழுதியிருந்தேனே! மலைக்கும் கொட்டகைக்கும் நடுவில்தான் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடிக்க இவ்வளவு படித்த மனிதருக்கு எவ்வளவு நேரமாகும்? பொய் சொல்லவும் வராமல், உண்மையைச் சொல்லவும் மனமில்லாமல், நடுவில் நின்று வழிகாட்டிப் பலகை நட்டிருந்தேன். அன்று பங்களாவில் கோழியும் இறங்கவில்லை, புட்டிங்கும் இறங்கவில்லை. ஒருவேளை அவர் நிஜமாகவே சுமையைக் குறைக்கத்தான் சொன்னாரோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் ஊருக்குக் கிளம்பினேன். தேயிலைச் சரிவு வந்ததும் ராஜுவை நிறுத்தச் சொன்னேன். “வண்டி நல்லாத்தானுங்க ஓடுது” என்றார். இந்த முறை நிறுத்தச் சொன்னது நான்தான் என்றேன்.

தராசு வந்துவிட்டிருந்தது. கிளார்க் குடையோடு அதன் பக்கத்தில் காவல் இருந்தார். ஒரு பெண்ணும் என்னைப் பார்த்துத் தலையாட்டவில்லை. சரிவில் இறங்கிச் செல்வராணியின் பக்கத்தில் போய் நின்றேன்.

“நான் சொல்லல” என்றேன்.

“சொல்லாமத்தான் தராசு வந்துச்சா?” அவள் கை நிற்கவில்லை.

நாலு நாளாக நான் எல்லோரையும் பார்த்த பார்வையை இப்போது அவள் பார்த்தாள். அவமானமாக இருந்தது. திரும்பி நடந்தேன். அப்போதுதான் செடிகள் கண்ணில் பட்டன.

செல்வராணி நடுநிரையில் பறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பறித்த பெண்கள் தங்கள் செடிகளை முழுக்கப் பறிக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பாதி மொட்டையாக இருந்தது, செல்வராணியின் பக்கத்துப் பாதியில் கொழுந்து அப்படியே துளிர்த்து நின்றது. ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பவர் கங்காணி, அவளை நடுவில் போட்டதும் அவராகத்தான் இருக்கும். அவர் மேட்டில் நின்று, வேறெங்கோ பார்த்தபடி பீடி பற்றவைத்தார். செல்வராணி நகராமலே இடது பக்கம் கை நீட்டிப் பறித்தாள், வலது பக்கம் கை நீட்டிப் பறித்தாள். பை நிறைந்துகொண்டிருந்தது. கையிலிருந்து கைக்கு ஒரு இலை மாறவில்லை. எந்தத் தராசுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பதை முதலில் கவனித்தவர் மருதாயி. அவர் கை நின்றது. பக்கத்துக் கைகளும் ஒவ்வொன்றாக நின்றன. கிளார்க் தராசின் பக்கத்திலிருந்து எழுந்தார்.

“ஏனுங்க மேடம், அங்கென்னத்தயோ பாத்துட்டே நிக்கறீங்க? ஏதாச்சும் தப்பாத் தெரியுதுங்களா?” என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

பதினாலு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். உச்சி வெயில். எதிர் மலையின் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது.

“ஒண்ணும் தெரியலீங்க. ஒரே பனியா இருக்குது” என்று கத்தினேன்.

கிளார்க் குடையைச் சாய்த்து வானத்தைப் பார்த்தார். செல்வராணி முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

“ஆமா, இன்னைக்கு ரொம்பப் பனி” என்றாள்.